மீன் எந்த மொழியில் மிகுதியாகிறது?

சீனப் புத்தாண்டுக்கு முந்திய இரவு விருந்தில், தலையும் வாலும் சிதையாத முழு மீன் ஒன்று மேசைக்கு வருவது பரவலான வழக்கம். பல குடும்பங்கள் அதை முழுமையாக உண்டு முடிப்பதில்லை. ஒரு பகுதியை மறுநாளுக்கென விட்டுவைக்கின்றன. காரணம் கேட்டால் சுற்றுலாக் கையேடும் சீன மொழியின் முதலாண்டுப் பாடநூலும் ஒரே விடையைத்தான் தருகின்றன: மீனைக் குறிக்கும் சொல்லும் மிகுதியைக் குறிக்கும் சொல்லும் ‘யூ’ என ஒன்றுபோல் ஒலிக்கின்றன, ஆகவே மீனை மிச்சம் வைப்பது, ஆண்டுதோறும் வளம் மிஞ்சட்டும் என்னும் வாழ்த்து.

விடை சரியானதே. ஆனால் அது எந்த மொழிக்குச் சரி என்ற கேள்வி பெரும்பாலும் எழுவதில்லை. மாண்டரினில் இரு சொற்களும் ஒன்றாக ஒலிக்கின்றன, காண்டனீஸிலும் அப்படியே. ஹொக்கியனில் மீன் ‘ஹீ’, மிகுதி ‘ஈ’. எதுகை உண்டு, ஒருமை இல்லை. ஹக்கா மொழியிலோ மீன் என்பது ‘ங்’ என்னும் மூக்கொலி மட்டுமே கொண்ட ஓரசைச் சொல். மிகுதி என்பது ‘யி’. அந்த இரண்டையும் எந்தச் செவியும் ஒன்றெனக் கொள்ளாது. அப்படியானால் ஹக்கா பேசும் ஒரு வீட்டில் புத்தாண்டு மீன் எதைக் குறிக்கிறது? எழுத்தறிவின் வழியாகவோ அண்டை மொழியின் வழியாகவோ வந்த பொருளையா? அவ்வீட்டுக்கே உரிய வேறொரு பொருளையா? குறிப்பாக எந்தப் பொருளும் இன்றி, பாட்டி செய்தபடி செய்வதையா?

‘சீனர்கள் இதைச் செய்கிறார்கள், இதன் பொருள் இது’ என்னும் வாக்கிய அமைப்பே இக்கேள்விகளை அடைத்துவிடுகிறது. பண்டிகை வழக்கங்களுக்கு ஒற்றை அகராதி எழுதும் இப்பழக்கம், பெரிதும் ஒரு மொழியின் ஒலியை ஒரு நாகரிகம் முழுமைக்கும் உரியதாக்கும் பழக்கமே. இந்தியாவில் சீனவியல் பயிலும் மாணவரும் பயிற்றுவிக்கும் ஆசிரியரும் அதைக் கைவிட வேண்டிய நேரம் வந்துவிட்டது.

ஒலியொப்புமை சீன வழக்கங்களில் இவ்வளவு ஆற்றல் பெற்றதற்கு மொழியமைப்பே முதற்காரணம். மாண்டரினில் தொனியைக் கணக்கிடாவிட்டால் ஏறத்தாழ 400 அசைகளே உண்டு; தொனியைச் சேர்த்தால் 1,300 அளவில் நிற்கும். சொற்களோ பல்லாயிரம். ஆகவே ஒரே அசையைப் பல சொற்கள் பகிர்ந்துகொள்வது அங்கே விதிவிலக்கன்று, இயல்பு. தமிழ் இலக்கணம் மங்கல வழக்கு என்று ஒன்றைக் குறிக்கிறது. சுடுகாட்டை நன்காடு என்பது அதற்கு மரபான எடுத்துக்காட்டு. அங்கே விலக்கப்படுவது பொருளின் அமங்கலம். சீன மொழிகளில் பொருள் குற்றமற்றதாக இருந்தாலும், ஒலி அமங்கலமான வேறொரு சொல்லை நினைவூட்டினாலே போதும், சொல் விலக்கப்படும். கடிகாரத்தைப் பரிசளித்தல் என்பது மாண்டரினில் ‘இறுதிக் கடன் செலுத்துதல்’ என்பதோடு ஒன்றாக ஒலிப்பதால், நேரம் காட்டும் அப்பாவிப் பொருள் பரிசுப் பட்டியலிலிருந்து நீங்கிவிடுகிறது.

இவ்விலக்கு மொழியையே மாற்றிய சான்றும் உண்டு. உணவுக் குச்சிகளுக்குப் பழைய சீனச் சொல் ‘ஜூ’. இன்றைய மாண்டரின் சொல் ‘குவாய்’. மிங் காலத்து அறிஞர் லூ ரோங், தம் குறிப்பு நூலில் இம்மாற்றத்துக்கு ஒரு காரணம் தருகிறார்: வூ பகுதிப் படகோட்டிகளுக்கு ‘ஜூ’ என்னும் ஒலி ‘நின்றுபோ’ என்பதை நினைவூட்டியது, ஆகவே அவர்கள் ‘விரைவு’ என ஒலிக்கும் சொல்லைப் பயன்படுத்தினர். ஒரு வட்டாரத்தின் படகுத் தொழிலில் பிறந்த அச்சம் பொதுமொழியின் சொல்லாகிவிட்டது. ஹொக்கியன் பேசுவோர் இன்றும் பழைய சொல்லின் வழிவந்த வடிவத்தையே வழங்குகின்றனர். ‘சீனர்கள் அச்சொல்லை அமங்கலம் எனக் கருதி விலக்கினர்’ என்று எழுதினால் அது பாதி உண்மை. எஞ்சிய பாதி ஃபூஜியனின் சமையலறையில் இருக்கிறது.

காண்டனீஸில் இதன் எல்லை இன்னும் விரிகிறது. புத்தாண்டில் தொட்டிகளில் வைக்கப்படும் சிறு நாரத்தை வகைக்கான சொல் ‘கட்’; நற்பேறும் ‘கட்’. கமலாப்பழம் ‘கம்’, பொன்னும் ‘கம்’. ஆகவே காண்டனீஸ் பேசுபவருக்குப் பழத்தைக் கைமாற்றுவது பொன்னைக் கைமாற்றுவதே. மாண்டரினில் இவற்றுள் பின்னது ‘கான்’ என்றும் ‘ஜின்’ என்றும் பிரிந்து நிற்கிறது; சிலேடை அறுந்துவிடுகிறது. நாக்குக்கான பொதுச்சொல் காண்டனீஸில் ‘நட்டம்’ என்பதுபோல் ஒலிப்பதால், இறைச்சிக் கடையில் நாக்குக்கு ‘ஆதாயம்’ என்பதை ஒத்த பெயர் வழங்குகிறது. ஈரலுக்கான சொல் ‘வறட்சி’ போல் ஒலிப்பதால், அதற்கு ‘ஈரப்பதம்’ என்னும் பெயர். ஹொக்கியன் பேசும் தென்கிழக்காசிய நகரங்களில் புத்தாண்டு வாசல்களில் அன்னாசி வடிவத் தோரணங்கள் தொங்குகின்றன; அன்னாசி அம்மொழியில் ‘ஓங் லாய்’, ‘செழிப்பு வருக’ என்பதன் ஒலியும் அதுவே. மாண்டரினில் அன்னாசி ‘போலுவோ’. அச்சொல்லுக்கு எந்தச் செழிப்பும் செவிசாய்ப்பதில்லை.

சிலேடைகள் எல்லை தாண்டியும் செல்கின்றன. எட்டு என்னும் எண் காண்டனீஸில் ‘பாட்’. செல்வம் பெருகுவதைக் குறிக்கும் சொல் ‘ஃபாட்’. மாண்டரினில் ‘பா’, ‘ஃபா’. காண்டனீஸ் வணிக உலகம் வலிமையாக வளர்த்த இவ்வெண் மோகம் இன்று சீனம் முழுவதும் பரவிவிட்டது. பெய்ஜிங் ஒலிம்பிக் 2008 ஆகஸ்ட் 8 அன்று இரவு 8 மணிக்குத் தொடங்கியது. சிலேடை விளைவற்ற விளையாட்டும் அன்று. ‘செல்வம் பெருகுக’ என்னும் வாழ்த்தைப் போல் ஒலிக்கும் ‘ஃபாட் சோய்’ என்பது தலைமயிர் போன்ற ஒரு நிலப்பாசி. புத்தாண்டு விருந்துக்கு அதை வாரியெடுத்ததில் வடமேற்குச் சீனத்தின் வறண்ட புல்வெளிகள் சீரழிந்தன. 2000ஆம் ஆண்டில் சீன அரசு அதைச் சேகரிப்பதையும் விற்பதையும் தடை செய்தது. தென்கடற்கரையில் இனித்த ஓர் ஒலி, அம்மொழியே வழங்காத மேய்ச்சல் நிலத்தின் மேல்மண்ணைப் பெயர்த்தது.

ஒலியில் பிறந்த பொருள்களின் நிலை இது. கதையில் பிறந்த பொருள்களின் நிலையும் வேறன்று. செந்நிறமும் பட்டாசும் ‘நியென்’ என்னும் விலங்கை விரட்டவே தோன்றின என்ற கதை இன்று உலகெங்கும் குழந்தைகளுக்குச் சொல்லப்படுகிறது. ஆனால் ஏறத்தாழ கி.பி. 100இல் ஷூ ஷென் தொகுத்த அகராதி, ‘நியென்’ என்னும் எழுத்துக்குத் தரும் பொருள் தானியம் விளைதல். விளைச்சலே ஆண்டாயிற்று, அங்கே விலங்கு இல்லை. ஆறாம் நூற்றாண்டில் ஜோங் லின் எழுதிய, ஜிங்-சூ வட்டாரத்தின் ஆண்டுப் பருவக் குறிப்புகள், முதல் நாள் சேவல் கூவியதும் எழுந்து முற்றத்தில் மூங்கிலை வெடிக்கச் செய்யும் வழக்கத்தைக் கூறுகிறது. அங்கு விரட்டப்படுவன மலையில் உறையும் தீய ஆவிகள். விரட்டும் செயல் நிலைத்தது, விரட்டப்படுவது மாறியது.

அதே நூலும் அதன் பழைய உரையும் ஐந்தாம் மாதம் ஐந்தாம் நாளின் படகுப் போட்டியைப் பற்றிக் கூறுவது இன்றைய ஆய்வாளர்க்குப் பாடமாகத் தக்கது. இன்று துவான்வூ என்றாலே மிலுவோ ஆற்றில் மூழ்கிய கவிஞர் சூ யுவானின் நினைவு நாள் என்பதே பாடநூல் விடை. அப்பழைய குறிப்பும் அவரைச் சொல்கிறது. அவரை மீட்கவே படகுகள் விரைந்தன என்கிறது. அதோடு நில்லாமல், கிழக்கு வூ பகுதியில் இதே வழக்கம் வூ ஸிஷூவுக்கு உரியது, சூ யுவானுக்குத் தொடர்பில்லாதது என்கிறது. யுவே நாட்டு மன்னன் கோஜியானிடமிருந்து தொடங்கியது என்னும் மூன்றாம் கருத்தையும் பதிந்து, அதன் விவரம் தெளிவாக அறியக்கூடவில்லை என்று விட்டுவிடுகிறது. இலையில் பொதிந்து உண்ணும் அரிசி உணவையோ அந்நூல் கோடைக் கதிர்த்திருப்ப நாளோடு சேர்க்கிறது. 1940களில் வென் யீதுவோ, சூ யுவானுக்கு முன்பே தென்கிழக்கு மக்களின் நாகக் குலக்குறி வழிபாட்டில் இப்பண்டிகை வேர்கொண்டது என வாதிட்டார். ஒரு வழக்கத்துக்கு மூன்று காரணங்களை அருகருகே வைத்துவிட்டு அமைதியாக இருக்கும் அறிவு 1,400 ஆண்டுகளுக்கு முன்பே இருந்திருக்கிறது. ஒன்றைத் தேர்ந்தாக வேண்டும் என்னும் பதற்றம் பிற்காலத்தது.

இங்கே ஒரு மறுப்பு எழக்கூடும். இத்தனை வேறுபாடு இருந்தும் வழக்கங்கள் ஒன்றுபோல் இருக்கின்றனவே. அந்த ஒற்றுமையே பொதுப் பொருளுக்குச் சான்றன்றோ? இதற்கு மானிடவியலாளர் ஜேம்ஸ் வாட்சன் 1988இல் வெளிவந்த, சீன ஈமச் சடங்குகள் பற்றிய தொகுப்பில் முன்வைத்த வாதம் பயனுள்ளது. சீனப் பண்பாட்டை ஒன்றிணைத்தது சரியான நம்பிக்கையைக் காட்டிலும் சரியான செய்முறையே என்பது அவர் நிலைப்பாடு. சடங்கை முறைப்படி செய்தவர் உள்ளத்தில் என்ன எண்ணினார் என்பதில் பேரரசு தலையிடவில்லை. அத்தொகுப்பின் இணைப்பதிப்பாளர் ஈவலின் ராவ்ஸ்கி, நம்பிக்கைக்கு இன்னும் கூடுதல் இடம் தரவேண்டும் என்று மாறுபட்டார். விவாதம் முடிந்துவிடவில்லை. ஆனால் செய்முறை ஒன்றாக இருப்பது பொருள் ஒன்றாக இருப்பதற்குச் சான்றாகாது என்பதை அவ்விவாதம் தெளிவாக்கியது. கி.மு. மூன்றாம் நூற்றாண்டின் ஷூன்சியே இதை வேறொரு முறையில் கண்டிருந்தார்: முன்னோர்க்குச் செய்யும் வழிபாட்டைச் சான்றோர் மனித நெறியாகக் கொள்கின்றனர், பொதுமக்கள் ஆவிகளுக்குச் செய்யும் பணியாகக் கொள்கின்றனர் என்பது அவர் கருத்து. படையல் ஒன்றே, பொருள் இரண்டு.

அப்படியிருக்க, ஒற்றைப் பொருளை வேண்டுவது யார்? முதலில் அரசு. 1912இல் சீனக் குடியரசு மேலைய நாட்காட்டியை ஏற்றது. ஆண்டின் முதல் நாளைக் குறித்த ‘யுவான்தான்’ என்னும் பழஞ்சொல் ஜனவரி 1க்குப் போயிற்று. 1914இல் யுவான் ஷிகாயின் அரசு பழைய புத்தாண்டுக்கு ‘சுன்ஜியே’, அதாவது வசந்த விழா என்று பெயரிட்டது. தொன்மையின் சின்னமாக இன்று வழங்கும் அப்பெயர், இப்பொருளில் ஒரு நிர்வாக முடிவின் குழந்தை. 1967இல் பண்பாட்டுப் புரட்சியின் வேகத்தில் அவ்விழாவின் விடுமுறையே நீக்கப்பட்டது. 2008 முதல் சிங்மிங், துவான்வூ, நடு இலையுதிர் விழா ஆகியவை பொது விடுமுறைகளாயின. மூடப்பழக்கம் என ஒதுக்கப்பட்டவை மரபுச் செல்வமாகத் திரும்பின. திரும்பியபோது அவை பேசிய மொழி, 1956 முதல் அரசு ஆணையால் பரப்பப்பட்ட, பெய்ஜிங் ஒலிப்பை அடிப்படையாகக் கொண்ட பொதுமொழி.

அடுத்தது, மரபைச் சொத்தாகப் பார்க்கும் பார்வை. தென்கொரியாவின் காங்நுங் நகரத் தானோ விழா 2005இல் யுனெஸ்கோவின் அறிவிப்பைப் பெற்றபோது, துவான்வூவைக் கொரியர் கவர்ந்துகொண்டனர் என்று சீனத்தில் சினம் எழுந்தது. அவ்விழாவிலோ சூ யுவான் இல்லை. மலைத்தெய்வ வழிபாடும் பூசாரிப் பெண்களின் சடங்கும் முகமூடிக் கூத்துமே உண்டு. நாள் ஒன்றானால் பொருளும் ஒன்று, பொருள் ஒன்றானால் உரிமையாளரும் ஒருவரே என்னும் தருக்கம் அச்சினத்தின் அடியில் இருந்தது. 2009இல் சீனத்தின் துவான்வூ பட்டியலில் இடம்பெற்றபோது, சூ யுவானைப் போற்றும் ஸிகுவெய், மிலுவோ ஆகியவற்றோடு, வூ ஸிஷூவைப் போற்றும் சூஜோவும் தனக்கென வேறு சடங்கு கொண்ட ஹுவாங்ஷியும் அதே பதிவில் சேர்ந்திருந்தன. அலுவல் ஆவணமே நான்கு ஊர்களைச் சொல்கிறது. பாடநூலோ ஒருவரை மட்டும் சொல்கிறது.

இதன் விலையைச் சிங்கப்பூரில் காணலாம். அங்கே 1979இல் மாண்டரின் பேசும் இயக்கம் தொடங்கியது. ஹொக்கியன், தியோச்சூ, காண்டனீஸ், ஹக்கா ஆகியன பள்ளியிலிருந்தும் ஒலிபரப்பிலிருந்தும் பின்வாங்கி, நாளடைவில் பல வீடுகளிலிருந்தும் நீங்கின. அன்னாசித் தோரணம் நீங்கவில்லை. ‘ஓங் லாய்’ என்னும் இரண்டசையும் நீங்கவில்லை. பேசுவோர் குறைந்துவரும் ஒரு மொழியின் எச்சமாக அவை ஆண்டுக்கொருமுறை ஒலிக்கின்றன. சிலேடை உயிரோடிருக்க இரண்டு சொற்களும் அன்றாடப் பேச்சில் வேண்டும். அன்றாடப் பேச்சு போய்விட்டால் எஞ்சுவது மனப்பாடம் செய்யப்பட்ட குறியீடு. அடுத்த தலைமுறை அதை அலங்காரம் என்று மட்டுமே அறியும்.

புதிய பொருள்கள் பொய் என்பது இங்கே வாதமன்று. நியென் விலங்கின் கதை எவ்வளவு பிந்தியதாயினும், அதைக் கேட்டு வளரும் குழந்தைக்குச் செந்நிறத்தின் பொருள் அதுவே. அதை மறுக்க எந்த மொழியியலாளருக்கும் உரிமையில்லை. பழமையே தூய்மை என்று கொண்டால், அதுவும் மற்றொரு ஒற்றை அகராதியாகவே முடியும். பழுது, ஒரு பொருள் மற்றவற்றை இல்லையெனச் செய்வதில் இருக்கிறது.

இந்தியச் சீனவியலுக்கு இதில் நேரடிப் பங்கு உண்டு. 1937இல் சாந்திநிகேதனில் சீன பவனம் திறந்த காலம் முதல் இந்நாட்டில் சீனக் கல்விக்கு மதிப்பார்ந்த மரபு இருக்கிறது. ஆயினும் இன்று வகுப்பறையில் சீன மொழி என்றால் பெரும்பாலும் மாண்டரின் மட்டுமே. இந்நாட்டில் தலைமுறைகளாக வாழும் சீனரோ பெரும்பாலும் அதைத் தாய்மொழியாகக் கொண்டவரல்லர். கொல்கத்தாவில் தோல் பதனிடும் தொழிலும் காலணித் தொழிலும் ஹக்காக்களுடையவை. தச்சுத் தொழிலில் காண்டனீஸ் பேசுவோர் பெயர் பெற்றனர். பல் மருத்துவத்தில் ஹூபெய் மாநிலத்தவர். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் வாரன் ஹேஸ்டிங்ஸிடம் நிலம் பெற்றுச் சர்க்கரை ஆலை நிறுவிய டோங் அச்சூவின் பெயரால் வழங்கும் அச்சிப்பூருக்குக் கொல்கத்தாச் சீனர் புத்தாண்டுக் காலத்தில் சென்று வழிபடுகின்றனர். எந்தப் பெய்ஜிங் பாடநூலிலும் இல்லாத, வங்க மண்ணில் உருவான சீனப் பண்டிகை வழக்கம் அது.

அவ்வழக்கத்தின் பொருளை எழுதிவைக்கக் காலம் அதிகமில்லை. 1962 போருக்குப் பின் ஏறத்தாழ 3,000 பேர் ராஜஸ்தானின் தேவ்லி முகாமில் அடைக்கப்பட்டனர். விடுதலைக்குப் பின் பலர் கனடாவுக்கும் பிற நாடுகளுக்கும் குடிபெயர்ந்தனர். 1996இல் உச்ச நீதிமன்றம் தோல் பதனிடும் தொழிற்கூடங்களை இடம் மாற்ற ஆணையிட்டதும் டங்ராவின் தொழிலடிப்படை தளர்ந்தது. சிங்க நடனம் ஆண்டுதோறும் படமெடுக்கப்படுகிறது. செய்தியில் அதன் அருகே ‘சீனர் நம்பிக்கைப்படி’ என்று தொடங்கும் வாக்கியம் இணையத்திலிருந்து எடுத்து ஒட்டப்படுகிறது. ஆட்டம் நடக்கும் தெருவில், ஹக்காவும் வங்காளமும் இந்தியும் கலந்து பேசும் மூதாட்டியிடம் காரணம் கேட்கப்படுவதில்லை. அவர் விடை பாடநூலோடு ஒத்துப்போகலாம், போகாமலும் இருக்கலாம். ‘காரணமெல்லாம் தெரியாது, இப்படித்தான் செய்வோம்’ என்று அவர் சொன்னால், அதுவும் பதியத்தக்க தரவே.

வேண்டப்படுவது பெரிய திட்டமன்று. பண்டிகை வழக்கம் எதையும் விளக்கும் ஆய்வேட்டிலும் பாடக்குறிப்பிலும், பொருளைச் சொல்லுமுன் மூன்று செய்திகள் இடம்பெறட்டும்: சொன்னவர் யார், எந்த ஊரில், எந்த மொழியில். மீன் மிகுதியைக் குறிக்கும் என்று எழுதுபவர், மாண்டரினிலும் காண்டனீஸிலும் என்று இரண்டு சொற்களைச் சேர்த்து எழுதட்டும். அச்சேர்க்கை வந்த உடனே, ஹக்காவில் எப்படி என்று வகுப்பில் ஒரு மாணவராவது கேட்பார். அதற்கு விடை தேட அவர் கடல்கடந்து போக வேண்டியதில்லை; டங்ராவுக்குப் போனால் போதும்.